மேலிருந்து விட்டால் தானாகக் கீழே வந்துவிடாதா? பாப்ஸ்லெட்டும் பியர் லூடர்ஸும்

குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் சமயத்தில் செல்போனில் துண்டுத் துண்டாக வீடியோக்கள் வரும். ஹெல்மெட் போட்ட நான்கு பேர் ஒரு நீளமான வண்டியைத் தள்ளிக்கொண்டு தலைதெறிக்க ஓடுவார்கள். ஒவ்வொருவராக அதற்குள் குதிப்பார்கள். வண்டி ஐஸ் வாய்க்காலுக்குள் மறையும். ஒரு நிமிடம் கழித்துக் கீழே வந்து நிற்கும். அவ்வளவுதான் பாப்ஸ்லெட். தருமபுரியில் எங்கள் பள்ளி மைதானத்தில் நூறு மீட்டர் ஓடிப் பழகும் பையன்களுக்கு அந்த முதல் ஐந்து நொடி ரொம்பப் பிடிக்கிறது. மிச்ச ஐம்பத்தைந்து நொடியில் ஒன்றும் நடக்கவில்லை என்பது அவர்கள் கட்சி. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நேராகவே கேட்டுவிட்டான்: “மேல இருந்து உட்டா தானா கீழ வந்துடப் போவுது. அதுக்கு எதுக்கு சார் கோச்சு?”

நியாயமான கேள்வி. இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது. எதுவும் நடக்காத மாதிரி தெரிகிற அந்த ஐம்பத்தைந்து நொடியில்தான் ஓட்டுநரின் வேலை முழுக்க இருக்கிறது. அது வெளியே தெரிவதில்லை. வெளியே தெரியாத வேலையைத்தான் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பது சிரமம். அதனால்தான் ஓட்டி ஜெயித்தவர்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சியாளராக வைத்துக்கொள்கிறார்கள். கனடாவின் பியர் லூடர்ஸ் அப்படி ஓட்டுநராகத் தங்கம் வென்று, பயிற்சியாளராக நாடு நாடாகப் போனவர். அவர் கதையைப் பிடித்துக்கொண்டு போனால் விளையாட்டும் கூடவே விளங்கிவிடும்.

வண்டி, தடம், கடிகாரம்

முதலில் ஒரு விஷயம். இதில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பொங்கல் முடிந்ததும் நடக்கும் எருது விடும் விழாவைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு நேரத்தில் ஒரு எருதுதான் ஓடும். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு எத்தனை நொடி என்பதுதான் கணக்கு. எல்லா எருதும் ஓடி முடித்த பிறகுதான் பரிசு யாருக்கு என்று மைக்கில் சொல்வார்கள். பாப்ஸ்லெட்டும் அப்படித்தான். ஒவ்வொரு வண்டியும் தனியாக இறங்கும். ஒலிம்பிக்கில் இரண்டு நாட்களில் நான்கு முறை இறங்க வேண்டும். நான்கு நேரத்தையும் கூட்டி, யாருடையது குறைவோ அவருக்குத் தங்கம்.

தடம் என்பது மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் கான்கிரீட் வாய்க்கால். பெரும்பாலும் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், பதினைந்து இருபது வளைவுகள். கான்கிரீட்டுக்குள் குழாய்கள் பதித்துக் குளிரூட்டி, மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சில சென்டிமீட்டர் ஐஸ் படிய வைக்கிறார்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ். இந்த விளையாட்டு பிறந்த ஊர் அது. உலகின் முதல் பாப்ஸ்லெட் சங்கம் 1897-ல் அங்கேதான் தொடங்கியது. அங்கே கான்கிரீட்டும் கிடையாது, குழாயும் கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் பனியையும் தண்ணீரையும் குழைத்துத் தடத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டுகிறார்கள். வெயில் வந்ததும் அது உருகிப் போய்விடும்.

வண்டிக்கு எஞ்சின் இல்லை. அடியில் நான்கு எஃகுக் கத்திகள். நால்வர் வண்டி 3.80 மீட்டர் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. காலி வண்டி 210 கிலோவாவது இருக்க வேண்டும். ஆட்களோடு சேர்த்து 630 கிலோவைத் தாண்டக் கூடாது. இருவர் வண்டிக்கு அந்த உச்சவரம்பு 390 கிலோ. இந்த வரம்பு எதற்கு என்பது எட்டாம் வகுப்பு அறிவியலில் இருக்கிறது. காற்றே இல்லாத இடத்தில் கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில் விழும். காற்று இருக்கிற இடத்தில், ஒரே அளவு வடிவம் கொண்ட இரண்டு வண்டிகளில் கனமானதைக் காற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. அதனால் கனமான வண்டி கீழே வேகமாக வரும். வரம்பு வைக்காவிட்டால் எல்லோரும் ஈயத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆட்கள் லேசாக இருந்தால் வண்டியில் எடை சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் அந்த எடையை மேலே தள்ளித் தொலைக்க வேண்டியதும் அதே லேசான ஆட்கள்தான். ஆள் கனமாகவும் இருக்க வேண்டும், நூறு மீட்டர்க்காரனைப் போல ஓடவும் வேண்டும் என்ற விசித்திரமான தேவை இங்கிருந்து வருகிறது.

முன்னால் உட்காருபவர் ஓட்டுநர். அவர் கையில் ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு வளையங்கள் இருக்கும், அவற்றிலிருந்து கயிறு போய் முன் கத்திகளைத் திருப்பும். கடைசியில் இருப்பவர் பிரேக்காரர். பெயர்தான் பிரேக், தடத்தின் நடுவில் அதைத் தொட்டால் ஐஸ் கிழிந்துவிடும். முடிவுக் கோடு தாண்டிய பிறகுதான் அவர் இழுப்பார். அதுவரை அவருடைய உண்மையான வேலை முதல் ஐந்து நொடியிலேயே முடிந்திருக்கும்.

கத்திகளுக்கு என்று தனிக் கதையே உண்டு. எல்லா நாட்டுக்கும் ஒரே வகை எஃகு என்று விதி. அதன்மேல் எதையும் பூசக் கூடாது. சூடான கத்தி ஐஸை லேசாக உருக்கி நன்றாக வழுக்கும் என்பதால், போட்டிக்கு முன் கத்தியின் வெப்பநிலையை அளந்து பார்ப்பார்கள். வெளியே குளிரில் தொங்கவிட்ட மாதிரிக் கத்தியைவிட 4 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் தகுதி போச்சு. ஆக, வீரர்களுக்கு மிச்சம் இருப்பது மெருகேற்றுவது மட்டும். முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து, சொரசொரப்பான எமரி பேப்பரில் தொடங்கி, அதைவிட நைசானது, அதைவிட நைசானது என்று மாற்றி மாற்றிக் கையாலேயே தேய்ப்பார்கள். டிவியில் இதை யாரும் காட்டுவதில்லை.

முதல் ஐந்து நொடி

பச்சை விளக்கு எரிந்ததும் 60 நொடிக்குள் கிளம்ப வேண்டும். முதல் 15 மீட்டருக்குக் கடிகாரம் ஓடாது. அதைத் தாண்டும்போதுதான் தொடங்கும். அதாவது கடிகாரம் தொடங்கும் நேரத்தில் வண்டி ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும். அங்கிருந்து அடுத்த 50 மீட்டரைக் கடக்கும் நேரத்தைத்தான் ஸ்டார்ட் டைம் என்று திரையில் காட்டுகிறார்கள். நல்ல அணிகளுக்கு அது ஐந்து நொடியை ஒட்டி வரும். காலில் போட்டிருக்கும் ஷூவின் அடியில் நூற்றுக்கணக்கில் பொடி ஊசிகள் இருக்கும். நம் ஓட்டக்காரர்கள் போடும் ஸ்பைக்ஸ் ஐஸில் நிற்காது.

மேலே 0.1 நொடி மிச்சம் பிடித்தால் கீழே போய்ச் சேரும்போது அது 0.3 நொடி ஆகிவிடும் என்று இந்த விளையாட்டில் ஒரு கைக்கணக்கு உண்டு. காரணம் லேசானது. மேலே கிடைத்த கூடுதல் வேகம் அந்த 50 மீட்டரோடு தீர்ந்துவிடாது. தடம் முழுக்கக் கூடவே வரும்.

அதனால்தான் பாப்ஸ்லெட்டில் ஆள் எடுக்கும்போது பனியைத் தேடிப் போவதில்லை, தடகள மைதானத்தைத் தேடிப் போகிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் மைன்ஹார்ட் நேமர் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். 1976-ல் இன்ஸ்ப்ரூக்கில் இரண்டு தங்கம் வாங்கும்போது அவருக்கு வயது 35. அவரும் பின்னாளில் பயிற்சியாளரானார். அமெரிக்காவின் லாரின் வில்லியம்ஸ் 2004 ஏதென்ஸில் நூறு மீட்டர் வெள்ளி வாங்கியவர், 2014 சோச்சியில் பாப்ஸ்லெட் தள்ளி இன்னொரு வெள்ளி வாங்கினார். ஐஸே இல்லாத ஜமைக்கா 1988-ல் கல்கரிக்கு வந்ததும் இந்தத் தைரியத்தில்தான். ஓடத் தெரிந்தவர்கள் அவர்களிடம் நிறையப் பேர்.

பியர் லூடர்ஸும் டெகத்லான் ஆள். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பத்தும் செய்கிறவர். 1970-ல் கனடாவின் எட்மண்டனில் பிறந்தார். அதே மாகாணத்தில் இருக்கும் கல்கரியில் 1988 ஒலிம்பிக் நடந்தது. திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் தடம் அங்கேயே இருந்தது. பக்கத்து ஊரில் தடம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். லூடர்ஸ் 1994 முதல் 2010 வரை ஐந்து ஒலிம்பிக்கில் ஓட்டினார். ஐந்திலும் முன்னால் உட்கார்ந்து கயிறு பிடித்தவர் அவர்தான். பின்னால் நின்று தள்ளியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒருவர் லாசெல்ஸ் பிரவுன். ஜமைக்கா அணியிலிருந்து கனடாவுக்கு வந்தவர். அவரோடு சேர்ந்துதான் லூடர்ஸ் 2005-ல் உலக சாம்பியன் ஆனார், 2006 டூரின் ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கினார்.

ஆனால் லூடர்ஸ் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது 1998.

நூறில் ஒரு பங்கு

ஜப்பானின் நாகனோ. இருவர் போட்டி. நான்கு ஓட்டமும் முடிந்து கூட்டிப் பார்த்தால், லூடர்ஸும் அவருடைய பிரேக்காரர் டேவ் மெக்கெக்கர்னும் எடுத்த நேரம் 3 நிமிடம் 37.24 நொடி. இத்தாலியின் குந்தர் ஹூபரும் அன்டோனியோ டார்டாலியாவும் எடுத்த நேரம் 3 நிமிடம் 37.24 நொடி. இரண்டு அணிக்கும் தங்கம் கொடுத்துவிட்டார்கள். கனடாவுக்கு பாப்ஸ்லெட்டில் 1964-க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் இது.

நான்கு முறை இறங்கி, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ஒரே நேரம் வருமா என்று கேட்கலாம். இங்கே கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்ஸ்லெட்டில் நொடியை நூறு பங்காக்கி அளப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதே தடத்தில் மல்லாந்து படுத்து இறங்கும் லூஜ் போட்டியில் ஆயிரம் பங்கு வரை போவார்கள். மணிக்கு 130 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 36 மீட்டர் போகும். நூறில் ஒரு பங்கு நொடியில் 36 சென்டிமீட்டர். அதாவது இரண்டு வண்டிகளுக்கும் இடையே ஒரு அடி வித்தியாசம் இருந்தாலும் திரையில் ஒரே எண் வரக்கூடும். வித்தியாசமே இல்லை என்பதல்ல, இதற்குமேல் பிரிக்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. எங்கள் மாவட்டப் போட்டிகளில் கைக்கடிகாரத்தில் டைமிங் எடுத்துவிட்டு ஒரு அடிக்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்துச் சலித்தவன் நான்.

எப்போதும் இப்படிப் பெருந்தன்மையாக இருந்ததில்லை. 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் இத்தாலியின் யூஜெனியோ மோன்டியும் மேற்கு ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் ஃப்ளோத்தும் இதே மாதிரி சமமாக முடித்தார்கள். அப்போதைய விதி வேறு: தனி ஓட்டங்களில் மிக வேகமானது யாருடையது என்று பார்த்து மோன்டிக்குத் தங்கம், ஃப்ளோத்துக்கு வெள்ளி. அந்த மோன்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. அதற்கு நான்கு வருடம் முன்னால் இன்ஸ்ப்ரூக்கில் பிரிட்டன் வண்டியின் அச்சுப் போல்ட் உடைந்துபோனது. போட்டியாளரான மோன்டி தன் வண்டியிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தனுப்பினார். பிரிட்டனின் டோனி நாஷும் ராபின் டிக்சனும் தங்கம் வாங்கினார்கள். மோன்டிக்குக் கிடைத்தது வெண்கலம். போல்ட் கொடுத்ததால் நாஷ் ஜெயிக்கவில்லை, வேகமாக ஓட்டியதால் ஜெயித்தார் என்பது மோன்டியின் நிலைப்பாடு. 1968-ல், நாற்பது வயதில், அவருக்கு இரண்டு தங்கம் கிடைத்தது. பிறகு அவரும் இத்தாலிய அணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குப் போனார். ஓட்டி முடித்தவர்கள் அணியை வழிநடத்தப் போவது இந்த விளையாட்டில் பழைய வழக்கம்.

ஐம்பத்தைந்து நொடிக்குள் என்ன நடக்கிறது

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். தானாக வராதா?

வரும். ஆனால் மெதுவாக வரும், அல்லது தலைகீழாக வரும்.

ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொள்வோம். வண்டி உள்ளே நுழைந்ததும் அதன் வேகம் அதைச் சுவரின் மேல் ஏற்றும். உச்சிக்குப் போய்விட்டுத் தானாகக் கீழே இறங்கப் பார்க்கும். வளைவு நீளமாக இருந்தால் மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். ஓட்டுநர் கொஞ்சம் சீக்கிரமே உள்ளே திருப்பிவிட்டால் வண்டி சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கிவிடும். வளைவு முடியும் இடத்தில் அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்காது. தாமதமாகத் திருப்பினால் வெளியே வரும்போது எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு வரும். வளைவின் அடியில் உடம்பின் மேல் விழும் அழுத்தம் ஐந்து மடங்கு வரை போகும். எழுபது கிலோ ஆளுக்குத் தான் முந்நூற்றைம்பது கிலோ இருப்பதுபோலத் தோன்றும். தலையை நிமிர்த்திப் பார்ப்பதே பெரிய காரியம். அந்த நிலையில் விரல்களால் கயிற்றைக் கொஞ்சூண்டு இழுக்க வேண்டும்.

அந்தக் கொஞ்சூண்டுதான் சூட்சுமம். கத்தியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது ஐஸைக் கீறும். கீறினால் வேகம் குறையும். ஆகவே நல்ல ஓட்டுநர் என்பவர் குறைவாகத் திருப்புகிறவர். சரியான இடத்தில், சரியான நேரத்தில், ஒரே ஒரு தொடுதல். மிச்சத்தைத் தடமே பார்த்துக்கொள்ளும். அதைத் தவறவிட்டால் அடுத்த வளைவில் இரண்டு மடங்கு திருத்த வேண்டும், அதற்கடுத்ததில் நான்கு மடங்கு. டிவியில் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரிகிற ஓட்டம்தான் அருமையான ஓட்டம். பையன்கள் சொல்வது ஒருவகையில் சரிதான்.

இதற்குக் கண்ணை நம்ப முடியாது. கண்ணால் பார்த்து, மூளைக்குப் போய், கை அசைவதற்குள் வண்டி பத்து மீட்டர் தாண்டிவிடும். எனவே தடத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். போட்டிக்கு முன்னால் ஓட்டுநர்கள் தடத்துக்குள் இறங்கி, மேலிருந்து கீழ் வரை நடந்தே போவார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, குனிந்து, சுவரின் சாய்வைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். கிளம்பும் இடத்தில் கேமரா திரும்பும்போது கவனித்துப் பாருங்கள். ஒரு ஆள் ஓரமாகக் கண்ணை மூடி நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் வைத்து, இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டிருப்பார். சாமி கும்பிடவில்லை. மனதுக்குள் அந்த ஒரு நிமிடத்தை முழுசாக ஓட்டிப் பார்க்கிறார்.

ஏன் மனதுக்குள் ஓட்ட வேண்டும், நிஜமாகவே ஓட்டிப் பழகலாமே? அதற்குத்தான் வழியில்லை. ஒரு ஓட்டம் ஒரு நிமிடம். அது முடிந்ததும் வண்டியை லாரியில் ஏற்றி மறுபடி மேலே கொண்டுபோக வேண்டும். உடம்பும் ஒரு நாளைக்குச் சில ஓட்டங்களுக்கு மேல் தாங்காது. ஒருவர் ஒரு குளிர்காலத்தில் இருநூறு முறை இறங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். கூட்டினால் மூன்று மணி நேரமும் இருபது நிமிடமும்தான் வரும். நம் ஊரில் பஸ் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் ஒரே காலையில் அதைத் தாண்டிவிடுவார். இவ்வளவு குறைவான பயிற்சியில் தேர்ச்சி பெற வேண்டுமானால் ஒவ்வொரு ஓட்டத்திலிருந்தும் கறக்க முடிந்ததை எல்லாம் கறந்தாக வேண்டும். பக்கத்து ஊரில் தடம் இருப்பது லூடர்ஸுக்கு ஏன் பெரிய விஷயம் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். பயிற்சியாளர் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

வளைவில் நிற்கும் ஆள்

வான்கூவரில் நடந்த 2010 ஒலிம்பிக்கில் லூடர்ஸ் இருவர் போட்டியிலும் நால்வர் போட்டியிலும் ஐந்தாவதாக முடித்தார். அந்த நால்வர் வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தவர்களில் ஜஸ்டின் கிரிப்ஸ் என்ற இளைஞர் ஒருவர் இருந்தார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடமே லூடர்ஸ் ஓய்வு பெற்றார், கனடாவின் இளம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்.

ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தருபவர் போட்டியின்போது முடிவுக் கோட்டில் நிற்பதில்லை. தடத்தின் ஓரம், சிக்கலான வளைவு எதுவோ அங்கே, குளிரில் நிற்பார். கையில் வாக்கி-டாக்கி, சிலர் கையில் கேமரா. வண்டி அவரைக் கடந்து போக ஒரு நொடி கூட ஆகாது. அதற்குள் எந்த உயரத்தில் நுழைந்தது, எங்கே இறங்கியது, எந்தக் கோணத்தில் வெளியே போனது என்று பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணைவிடக் காது நிறையச் சொல்லும். கத்தி பக்கவாட்டில் இழுபட்டால் பறட்டென்று கீறும் சத்தம் வரும். சரியாகப் போகிற வண்டி ஒரே சீராக இரைந்துகொண்டு போய்விடும். சாயங்காலம் வீடியோவைப் போட்டு ஓட்டுநரோடு உட்காருவார்கள். நீ இங்கே திருப்பினாய் என்று பயிற்சியாளர் சொல்வார். நான் திருப்பவே இல்லை என்று ஓட்டுநர் சொல்வார். திருப்பியிருப்பார். கை தன்னால் செய்தது அவருக்கே தெரிந்திருக்காது.

இங்கே பழைய சாம்பியனுக்கு ஒரு சிக்கல் உண்டு. தான் செய்ததை வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் மைதானத்தில் அருமையாக ஸ்டார்ட் எடுக்கும் பையனிடம் எப்படிடா எடுக்கிறாய் என்று கேட்டால், “தெர்ல சார், ஓட்றேன்” என்பான். லூடர்ஸ் பதினாறு வருடம் விரல் நுனியில் வைத்திருந்த விஷயத்தை, இன்னொரு மொழி பேசும் ஒருவருக்கு, வேறு உடம்பு, வேறு பயம் உள்ள ஒருவருக்குப் புரியும்படி பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2012-ல் ரஷ்யா அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. 2014 சோச்சியில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஸுப்கோவ் இரண்டு தங்கம் வாங்கினார். ஊக்கமருந்து விவகாரத்தில் பின்னர் ஸுப்கோவின் அந்த இரண்டும் பறிக்கப்பட்டு, ஒன்று சுவிட்சர்லாந்துக்கும் இன்னொன்று லாத்வியாவுக்கும் போயின. லூடர்ஸின் பயிற்சியாளர் வாழ்க்கையில் நாம் பேச வேண்டியது அதற்கடுத்த அத்தியாயம்.

தென்கொரியாவில் 2010 வாக்கில் பாப்ஸ்லெட் தடமே இல்லை. வொன் யுன்-ஜோங் அப்போது உடற்கல்வி படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர், உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்று இருந்தவர். (நானும் உடற்கல்வி ஆசிரியன்தான், எங்கள் ஜாதி என்பதால் இவர்மேல் எனக்குக் கூடுதல் பிரியம்.) தேர்வுக்குப் போனார், தேர்வானார். சக்கரம் வைத்த வண்டியைத் தார் ரோட்டில் தள்ளிப் பழகினார்கள். மால்கம் லாய்ட் என்ற பிரிட்டன்காரர், அவரும் பழைய பாப்ஸ்லெட் வீரர்தான், இவர்களுக்குத் தடங்களைச் சொல்லிக் கொடுத்தார். 2016 ஜனவரியில் லாய்ட் இறந்துபோனார். அதே மாதம் கனடாவின் விஸ்லரில் வொன்னும் சோ யங்-வூவும் கொரியாவின் முதல் உலகக் கோப்பைத் தங்கத்தை வாங்கினார்கள். அந்தப் பருவம் முடியும்போது இருவர் போட்டியில் உலகத்தில் முதல் இடம். லாய்டின் இடத்துக்கு வந்தவர் லூடர்ஸ்.

முதல் இடத்தில் இருக்கும் ஆளை எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பது சுகமான வேலை இல்லை. அங்கிருந்து இறங்க மட்டும்தான் வழி உண்டு. இறங்கவும் செய்தார்கள். ஒலிம்பிக் பியோங்சாங்கில், சொந்த மண்ணில் நடக்கவிருந்தது. கொரிய அணி 2017-18 பருவத்தில் உலகக் கோப்பைப் போட்டிகளைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. தரவரிசை அதலபாதாளத்துக்குப் போனது. அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மற்ற நாட்டு ஓட்டுநர்களுக்கு அந்தத் தடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஓட்டம் கிடைக்கும். இவர்கள் நூற்றுக்கணக்கில் இறங்கினார்கள். மேலே சொன்ன மூன்று மணி நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பேரம் என்று புரியும்.

2018 பிப்ரவரி. முதலில் இருவர் போட்டி. கொரியாவே எதிர்பார்த்த பதக்கம் இதுதான். முதல் ஓட்டத்திலேயே வொன் பதினொன்றாவது இடத்துக்குப் போய்விட்டார். மீதி மூன்றில் முட்டி மோதி ஆறாவதாக முடித்தார். தங்கம் யாருக்கு? ஜெர்மனியின் ஃபிரான்செஸ்கோ ஃபிரீட்ரிஷ் 3 நிமிடம் 16.86 நொடி. கனடா ஓட்டுநர் ஒருவரும் 3 நிமிடம் 16.86 நொடி. இருபது வருடத்துக்கு முன் நாகனோவில் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது, இருவருக்கும் தங்கம். அந்தக் கனடா ஓட்டுநர்தான் ஜஸ்டின் கிரிப்ஸ், 2010-ல் லூடர்ஸின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். லூடர்ஸோ அங்கே கொரிய அணியோடு நிற்கிறார்.

ஒரு வாரத்துக்குள் நால்வர் போட்டி. கொரியாவிடம் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஃபிரீட்ரிஷ் 3 நிமிடம் 15.85 நொடியில் முதலாவது. இரண்டாவது இடத்துக்கு வொன்னின் வண்டி 3 நிமிடம் 16.38 நொடி. ஜெர்மனியின் நிகோ வால்தர் வண்டியும் 3 நிமிடம் 16.38 நொடி. மறுபடியும் சமம், இருவருக்கும் வெள்ளி. ஆசிய நாடு ஒன்று ஒலிம்பிக் பாப்ஸ்லெட்டில் வாங்கிய முதல் பதக்கம் அது. ஓட்டுநராக ஒரு சமம், பழைய சகா வழியாக ஒரு சமம், பயிற்சியாளராக ஒரு சமம். கதை எழுதுகிறவன் இதை எழுதினால் பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

நம் பக்கத்திலிருந்து

“நாம போவ முடியுமா சார்?” என்பது அடுத்த கேள்வியாக வரும். இந்தியாவில் செயற்கை ஐஸ் தடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே ஐஸ் வாய்க்காலில் தனியாக மல்லாந்து படுத்து இறங்கும் லூஜ் விளையாட்டில் ஷிவா கேசவன் இருக்கிறார். மணாலிப் பக்கத்துக்காரர். மலைச் சாலைகளில், லாரிகளுக்கு நடுவே, சக்கரம் வைத்த வண்டியில் பழகியவர். 1998-ல், லூடர்ஸ் தங்கம் வாங்கிய அதே நாகனோ தடத்தில், பதினாறு வயதில் முதல் ஒலிம்பிக்கில் இறங்கினார். தொடர்ந்து ஆறு ஒலிம்பிக், கடைசியாக 2018 பியோங்சாங். பிறகு அவரும் பயிற்சியாளர் பக்கம் வந்தார்.

பாப்ஸ்லெட்டைப் பொறுத்தவரை நம் பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறது, எடைதான் இல்லை. எங்கள் மைதானத்தில் வேகமாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் அறுபது கிலோவை ஒட்டித்தான் இருப்பார்கள். நால்வர் வண்டி தள்ளுகிறவர்களில் பலர் நூறு கிலோவை ஒட்டி இருப்பார்கள். ஈட்டி, குண்டு, வட்டு எறிகிற பிள்ளைகளில் ஓடவும் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் இந்த வீடியோவைக் காட்டுங்கள். பார்க்கும்போது வண்டியைப் பார்க்காமல் திரையின் ஓரத்தில் வரும் எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் டைமில் முன்னால் இருந்த வண்டி பாதி வழியில் பின்தங்கினால், நடுவில் எங்கோ ஒரு வளைவில் ஓட்டுநர் கயிற்றை அதிகமாக இழுத்துவிட்டார் என்று அர்த்தம். எந்த வளைவு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பயிற்சியாளரும் அங்கே அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.